ஜபார் பாய் கடை ஐஸ்

போன மாதம் என் பழைய ஆபீஸில் இருந்து கூப்பிட்டார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். இணையத்தில் வெறுப்பையும் வதந்தியையும் பரப்பும் பதிவுகளைப் பார்த்து நீக்குவதுதான் அங்கே வேலை. இப்போது அதில் பாதிக்கு மேல் மெஷின் செய்கிறதாம். மிச்சத்தையும் அதனிடமே கொடுத்துவிடுவார்களோ என்று பிள்ளைகளுக்குப் பயம். அந்தப் பயத்தில்தான் எனக்குச் சால்வை போர்த்துகிறார்கள் என்று கேக் வெட்டும்போதே புரிந்துவிட்டது.

"அக்கா, உங்க காலத்துல இதெல்லாம் கெடையாதே. வர்றதுல எது கெட்டது எது நல்லதுன்னு எப்பிடிக்கா புடிச்சீங்க?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"வாயால," என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அன்றைக்கு அவர்களிடம் சொன்னதைக் கொஞ்சம் நிதானமாக இங்கே எழுதுகிறேன். பேசும்போது விட்டுப்போனதும் இதில் இருக்கிறது.

புதுச்சேரி நெல்லித்தோப்பில் நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் வந்தது, இன்ஸ்டிட்யூட்டுக்குப் பூட்டு விழுந்தது. என் பிழைப்பைக் கெடுத்தவன் வீட்டிலேயே போய்ச் சோறு கேட்போம் என்று கம்ப்யூட்டர் கம்பெனிக்கு மனுப் போட்டேன். எடுத்துக்கொண்டார்கள். பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சுட்டியைப் பிடிக்கக் கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகான அந்த வருடங்களில் தமிழில் ஓர் இணையதளம் பிரபலமாக இருந்தது. செய்தி, ஜோசியம், சமையல் எல்லாம் போக, வாசகர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு கருத்துக்களமும் வைத்திருந்தார்கள். பேச்சு முற்றி சாதி, மதம் என்று நாறியபோது விளம்பரம் கொடுத்தவர்கள், 'இந்தத் திட்டுக்குப் பக்கத்தில் எங்கள் சோப்பு விற்காது' என்று சொல்லிவிட்டார்களாம். அதற்குப் பிறகுதான் சென்னையில் இருந்த முதலாளிகளுக்கு ஞானம் பிறந்தது. களத்தைக் கண்காணிக்கும் வேலையை எங்கள் கம்பெனிக்குக் கொடுத்தார்கள். புதுச்சேரிக்கு ஏன் என்றால், களத்தில் பேசியவர்களில் பாதிப் பேர் பிரான்ஸில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள். ஒரு வரி தமிழ், ஒரு வரி பிரெஞ்சு என்று எழுதுவார்கள். அது தெரிந்தவர் வேண்டுமே. அப்படி எங்களுக்குத் தலைவராக வந்தவர்தான் அந்துவான் சார்.

பிரெஞ்சுக்காரர் காலத்து ஆபீஸ் குடும்பம். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, அதன் பையில் ஒரு சீப்பு. தலையில் முடி இருந்ததோ இல்லையோ, சீப்பு இருந்தது. எதற்கெடுத்தாலும் "போன்" என்பார். பிரெஞ்சில் 'சரி' என்று அர்த்தம். ஆனால் அவருடைய 'போன்' சரி என்பதற்கும் வரும், வாயை மூடு என்பதற்கும் வரும். நாங்கள் யாராவது ஆத்திரப்பட்டு ஒரு பதிவை நீக்கப்போனால், "தூஸ்மான், தூஸ்மான்" என்று பின்னால் இருந்து குரல் வரும். மெதுவாப்பா, மெதுவா.

அவர்தான் வாய்விட்டுப் படிக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். அப்போது தமிழை ஆங்கில எழுத்தில்தான் எல்லாரும் அடிப்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கணக்கு. சென்னையில் இருந்து அனுப்பிய கெட்ட வார்த்தைப் பட்டியல் முழுக்க இங்கிலீஷ். நம் ஊர்த் திட்டெல்லாம் மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. கண்ணால் பார்த்தால் புரியாது, வாயால் சொன்னால்தான் புரியும். அதனால் சந்தேகமான பதிவைப் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கிற மாதிரி படிக்க வேண்டும். கேட்டவர் முகம் சுளித்தால் இரண்டாவது தடவை படிக்க வேண்டும். அப்புறம் அந்துவான் சார் ஒரே கேள்வி கேட்பார்.

"இதப் படிச்சுட்டு நாளைக்குக் காலையில யாரு, யாரு கடைக்குப் போகமாட்டாங்க?"

எல்லாரும் வழக்கம்போலப் போவார்கள் என்றால் அது வெறும் வாய்ச்சண்டை, ஓர் எச்சரிக்கை போதும். யாராவது ஒருவர் வாசலில் ஆள் நிற்காமல் போகும் என்றால் அது வெறுப்பு. நான் எத்தனையோ கூட்டங்களில் எத்தனையோ விளக்கங்கள் கேட்டுவிட்டேன். இதைவிட நல்ல அளவுகோலை எவரும் எனக்குக் காட்டவில்லை.

எங்கள் ஆபீஸ் மாடியில். கீழே டைலர் மணி கடை. பிளவுஸ் தைக்கக் கொடுக்க வரும் பெண்கள், மேலே ஒரு பொம்பளைக் குரல் நிறுத்தி நிதானமாகப் பச்சைப் பச்சையாகத் திட்டுவதைக் கேட்டு அரண்டு போயிருக்கிறார்கள். ஒருநாள் மணி இன்ச் டேப்போடு மேலே ஏறி வந்துவிட்டார்.

"ஏம்மா, மேல குடும்பம் எதுவும் குடியிருக்கா? தெனமும் பத்து மணி ஆனா சண்ட ஆரம்பிச்சுடுதே! மத்தியானம் சாப்பாட்டுக்கு மட்டும் நிறுத்துறீங்க!"

"அது எங்க வேலண்ணா," என்றேன்.

"திட்டுறதுக்குச் சம்பளமா? என் பொண்டாட்டி ஓசியிலயே பண்ணுறாளே!"

அந்துவான் சாருக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. மறுநாளில் இருந்து ஜன்னலைச் சாத்திவிட்டுப் படித்தோம்.

'ரொம்பக் கஷ்டமான கேஸ் எதுக்கா?' என்று பிள்ளைகள் அடுத்துக் கேட்டார்கள். இனி அதற்கு வருகிறேன்.

கத்திரி வெயில். 'புதுவைச் சிங்கம்' என்ற பெயரில் எழுதுகிற ஒருவர் ஒரு பதிவு போட்டார். சாவு வீட்டில் பிணத்தைச் சுற்றி வைத்த ஐஸைத் திரும்ப எடுத்துவந்து நெல்லித்தோப்பில் ஜபார் பாய் கடை சர்பத்தில் போடுகிறார்கள், கண்ணால் பார்த்தேன், அந்த மதத்து ஆட்களே இப்படித்தான், அவர்கள் கடையில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதீர்கள் என்று எழுதியிருந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த குமரன் படித்துக் காட்டினான். எனக்கு முகம் சுளித்தது. முந்தின நாள்தான் அந்தக் கடையில் நன்னாரி சர்பத் குடித்திருந்தேன்.

மத வெறுப்பு இருந்தால் உடனே நீக்கு என்பது சென்னை வைத்த விதி. குமரன் நீக்கினான். சரியான வேலைதான் செய்தான்.

அதுதான் வினையாகப் போயிற்று. பதிவு காணாமல் போனதைப் பார்த்தவர்கள், 'பார்த்தீர்களா, அழித்துவிட்டார்கள், அப்போ உண்மைதான்' என்று எழுத ஆரம்பித்தார்கள். அதையும் நீக்கினோம். நீக்க நீக்க நம்பிக்கை கூடியது. நெருப்பில்லாமல் புகையுமா என்று ஒருத்தர், எங்கள் சித்தப்பாவும் பார்த்தார் என்று இன்னொருத்தர். அது செல்போன் செய்தியாக மாறி ஊருக்குள் இறங்கிவிட்டது. எங்கள் களத்தில் துடைத்தோம், தெருவில் துடைக்க எங்களிடம் பொத்தான் இல்லை.

இரண்டொரு நாளில் நான் அந்தக் கடை வழியாக நடந்துவந்தேன். உச்சி வெயிலில் நெரிசல் தாங்காத கடை. கிளாஸ்கள் எல்லாம் கழுவிக் கவிழ்த்தபடியே இருந்தன. பாய் ஸ்டூலில் உட்கார்ந்து, துடைத்த மேசையையே துடைத்துக்கொண்டிருந்தார். எதிர்வரிசைக் கடையில் இளநீருக்குக் கூட்டம். ஆபீஸுக்குப் போய் அந்துவான் சாரிடம் சொன்னேன்.

அவர் சீப்பை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் பையில் வைத்தார்.

"நம்ம அழிச்சோம் பாரு, அந்த எடம் காலியா கெடந்துச்சு. காலி எடத்துல ஆளாளுக்குக் குடிசை போட்டுட்டாங்க," என்றார்.

எச்சரிக்கை அனுப்பும்போது எழுதியவரிடம் விளக்கம் கேட்பது எங்கள் முறை. சிங்கத்திடம் இருந்து அன்று பதில் வந்தது. 'மதத்தைப் பற்றி எழுதியது கோபத்தில் எழுதியது. ஐஸ் பற்றி எழுதியது பொய் இல்லை. என் பக்கத்து வீட்டில் சாவு. அங்கிருந்து ஐஸ் வண்டி புறப்பட்டு நேராக அந்தக் கடைக்குத்தான் போனது. பின்னாலேயே போய்ப் பார்த்தேன்.' நான் அதையும் வாய்விட்டுப் படித்தேன். பொய் சொல்கிறவன் எழுத்து எங்களுக்கு அத்துப்படி. இது அப்படி இல்லை.

பதிவில் பெயர் வந்த யாரையும் ஊழியர்கள் தொடர்புகொள்ளக் கூடாது என்பது சென்னையின் இன்னொரு விதி. குமரன் அதை ஞாபகப்படுத்தினான்.

"சர்பத் குடிக்கக் கூடாதுன்னு எந்த ரூல்ல இருக்கு?" என்றார் சார். "விஜயா, வாம்மா. தாகமா இருக்கு."

ஸ்கூட்டரில் போனோம். தெருவே பார்க்கும்படி வாசல் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு சர்பத் கேட்டார். பாய் எங்களை நம்பாமல் பார்த்தார். வெள்ளைத் தாடி, சாந்தமான முகம்.

"விஷயம் தெரியாம வந்துட்டீங்களா?"

"தெரிஞ்சுதான் பாய் வந்தோம். ஐஸ் நெறையாப் போடுங்க."

சார் ஒரு கிளாஸைக் குடித்து முடித்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, சாவு வீட்டில் இருந்து ஒரு வண்டி இங்கே வந்ததாமே, அது யார் வண்டி என்று கேட்டார்.

"என் வண்டிதான்," என்றார் பாய்.

என் கையில் இருந்த கிளாஸ் பாதியில் நின்றது. குடித்ததை எங்கே கொண்டுபோய்த் துப்புவது என்றுகூட ஒரு நொடி நினைத்தேன், பொய் சொல்வானேன்.

பாய் எழுந்து பக்கத்துக் கதவைத் திறந்து காட்டினார். உள்ளே மரத்தூளுக்குள் ஐஸ் பார்கள் அடுக்கியிருந்தன. தேங்காய்த்திட்டு ஐஸ் ஃபேக்டரியில் இருந்து தினமும் விடியற்காலையில் வருவது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எங்கள்ல மௌத்து ஆனா அன்னைக்கே எடுத்துடுவோம் சார், ஐஸ் தேவைப்படாது. உங்கள்ல அப்பிடியா? புள்ள பாரீசுல இருப்பான். அவன் வந்து மொகம் பாக்கணும்ல? குளிர்பொட்டி இந்த ஊர்ல எத்தன பேருக்குக் கெடைக்குது? எங்க அத்தா காலத்துலேர்ந்து, சாவுன்னு கேள்விப்பட்டா நாலு பார் ஏத்தி அனுப்பிடுவோம். யாரு எவருன்னு பாக்கறதில்ல, காசும் வாங்கறதில்ல. திரும்பி வர்ற வண்டியில வெறும் சாக்குதான் வரும். அதுவும் கொல்லையில காயும், கடைக்குள்ள வராது. அத யாரோ பாத்திருக்காங்க."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பாய், இத அப்பிடியே போட்டுடறோம். ஒரே நாள்ல ஊர் வாயை அடச்சுடலாம்!" என்றேன்.

"வேணாம்மா." அவர் முகம் கடுத்தது. "குடுத்தத வெளிய சொன்னா அது குடுத்ததா ஆவாது. அத்தா சொல்லிட்டுப் போயிருக்காரு. கட போனா போவட்டும், மகன் துபாய்க்குக் கூப்புடுறான். இந்த மாசத்தோட மூடிடலாம்னு இருக்கேன். சத்தியமா நீங்க எதுவும் சொல்லக் கூடாது."

சார் எழுந்து, "சொல்லமாட்டோம் பாய்," என்று வாக்குக் கொடுத்தார். எனக்கு வந்த கோபம்! திரும்பி வரும் வழியெல்லாம் ஸ்கூட்டர் பின்னால் உட்கார்ந்து சண்டை போட்டேன். நல்ல மனுசன் கடை மூடப்போகிறான், நீங்கள் சத்தியம் செய்துவிட்டு வருகிறீர்களே என்றேன். அவர் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

மறுநாள் காலையில் ஆபீஸுக்கு வந்ததும், நீக்கிய பதிவு இருந்த அதே இடத்தில் ஓர் அறிவிப்பை அவரே அடித்தார். 'இங்கே இருந்த பதிவை நாங்கள்தான் நீக்கினோம். ஒரு மதத்தினரை இழிவாகப் பேசியதால் நீக்கினோம். அதில் சொல்லப்பட்ட கடைக்கு நேரில் போனோம், சர்பத்தும் குடித்தோம். சாவு வீட்டு ஐஸ் அங்கே வருவதில்லை. அந்தக் கடை ஐஸ் வண்டி எப்போதாவது உங்கள் வீட்டு வாசலில் நின்றிருந்தால், எதற்காக நின்றது என்று நீங்களே இங்கே எழுதலாம்.' கீழே தன் பெயரைப் போட்டார். அதற்கு முன் அந்த வேலையில் எவரும் தன் பெயரைப் போட்டதில்லை.

சென்னையில் இருந்து மேடம் போனில் கத்தியது எனக்கே கேட்டது. "யாரைக் கேட்டு அந்தப் பேச்சைத் திரும்பத் திறந்தீங்க? விளம்பரக்காரங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க மேடம். சரியா வரலன்னா பேரு போட்டிருக்கு பாருங்க, அந்த ஆள வேலைய விட்டுத் தூக்கிடுங்க," என்றார்.

அப்போது அவருக்குக் கடைசி மகள் படிப்பு பாக்கி இருந்தது. வீட்டில் தன் மனைவியிடம், நாங்கள் மதாம் என்று கூப்பிடுவோம், அவரிடம் சொன்னாரா என்று தெரியாது. எங்களைப் பார்த்து, "படிங்கப்பா," என்று மட்டும் சொன்னார்.

மதியம் வரை வந்ததெல்லாம் சாக்கடை. 'பாய் எவ்வளவு கொடுத்தான்' என்று சாரையே கேட்டார்கள். நான் படிக்கப் படிக்க எனக்கே நா கூசியது. குமரன் நீக்கி, காரணத்தை அந்த இடத்திலேயே எழுதிவைத்துக்கொண்டு வந்தான். பிரான்ஸில் பொழுது விடிந்து ஆட்கள் எழுந்த பிறகு, அரைகுறைத் தமிழில் ஒரு பதிவு வந்தது. நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

'என் அம்மா செத்தபோது நான் பாரீஸ் பக்கம். டிக்கெட் கிடைத்து வர நேரமாகிவிட்டது. அம்மா தூங்குகிற மாதிரி இருந்தார்கள். ஐஸ் யார் கொடுத்தது என்று கேட்டேன், ஜபார் பாய் என்றார்கள். காசு கொடுக்கப் போனேன், விரட்டிவிட்டார். நான் அம்மா முகம் பார்த்தது அவரால்.'

முடித்ததும், யாரும் கேட்காமலே இரண்டாவது தடவையும் படித்தேன். கொஞ்ச நேரத்தில் குருசுக்குப்பத்தில் இருந்து ஒருவர் எழுதினார். அப்பா சாகும்போது அண்ணன் கடலுக்குப் போயிருந்தான், கரை திரும்பும் வரை பாய் ஐஸ்தான் தாங்கியது என்றார். அப்புறம் ஒரு டீச்சர். அப்புறம் ஒரு வக்கீல். ஒருவருக்கொருவர் தெரியாதவர்கள். தங்கள் வீட்டுக்கு மட்டும்தான் கொடுத்தார் என்று ஒவ்வொருவரும் அதுவரை நினைத்திருக்கிறார்கள். நானும் குமரனும் மாற்றி மாற்றிப் படித்தோம். புழுக்கம் தாங்காமல் ஜன்னலை யார் எப்போது திறந்தார்கள் என்று தெரியவில்லை, டைலர் மணி படியில் வந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு யாரையும் திட்டலியாம்மா?" என்றார்.

பொழுது சாய்வதற்குள் சிங்கமும் வந்தது. பக்கத்து வீட்டில் போய்க் கேட்டிருக்கிறார். 'நான் பார்த்தது சரி. நினைத்தது தப்பு. என்னால் ஒரு கடை காலியாகக் கிடக்கிறது. நாளைக்கு என் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் அங்கே சர்பத் குடிப்பேன்' என்று எழுதினார். அதையும் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி படித்தேன். அந்துவான் சார் சீப்பை எடுத்து, இல்லாத முடியை நிதானமாக வாரிக்கொண்டு, "போன்" என்றார்.

கூட்டம் ஒரே நாளில் திரும்பிவிடவில்லை. ஆனால் திரும்பியது. பாய் துபாய் போகவில்லை. கோபத்தோடு எங்கள் மாடி ஏறி வந்தார்.

"சொல்ல மாட்டேன்னு சொன்னீங்களே சார்!"

"நான் எங்க பாய் சொன்னேன்? கேட்டேன். அவங்க சொல்லிட்டாங்க."

பாய் என்ன செய்வார், பாவம். தலையில் அடித்துக்கொண்டு சிரித்துவிட்டார். பதிவை நீக்கினால் அதே இடத்தில் காரணத்தை எழுதவேண்டும் என்று சென்னை கம்பெனி பிறகு எல்லாக் களத்துக்கும் விதியாக்கியது. மேடம் அதைத் தன்னுடைய யோசனையாகப் பெரிய திரையில் காட்டி விருதும் வாங்கினார். வாங்கட்டும், விதி வந்ததே போதும். அதற்குப் பிறகு நான் வேலையில் இருந்த வருடங்களில் இதைவிட மோசமான எத்தனையோ பதிவுகளைப் பார்த்தேன். ஆனாலும் காலையில் படியேறும்போது ஒருநாளும் எனக்கு அலுப்பு வந்ததில்லை.

அந்துவான் சார் ஓய்வு பெற்றுச் சில வருடங்களில் தூக்கத்திலேயே போய்விட்டார். மகள் பிரான்ஸில் இருந்து வரவேண்டும். அதற்குள் ஊரில் குளிர்பெட்டி சாதாரணமாகிவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையோடு படுத்திருந்தார். பையில் சீப்பை வைத்திருந்தார்கள். அன்றைக்கும் நல்ல வெயில். பந்தலில் குமரன், டைலர் மணி, நான், இன்னும் நிறையப் பேர். மதாம் முந்தின நாளில் இருந்து ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள்.

ஜபார் பாயின் வண்டி வந்து நின்றது. சாக்கு போர்த்திய ஐஸ் பார்கள். மணி ஓடிப்போய், "பாய், பொட்டி இருக்கு, ஐஸ் வேணாம்," என்றார்.

"பொட்டி இருக்குன்னு தெரியும். இது வந்தவங்களுக்கு," என்றார் பாய். வண்டியின் பின்பக்கத்தில் நன்னாரிப் பாட்டில்களும் எலுமிச்சம்பழமும் பெரிய அண்டாவும் இருந்தன. வாசலிலேயே ஐஸை உடைத்துப் போட்டுக் கலக்க ஆரம்பித்தார். சாவு வீட்டு வாசலில், அவர் கடை ஐஸ் போட்ட சர்பத்தை, வந்த சனம் வரிசையில் நின்று வாங்கிக் குடித்தது.

நான் ஒரு கிளாஸ் எடுத்துக்கொண்டு மதாமிடம் போனேன். பாயும் பின்னாலேயே வந்து நின்றார். மதாம் கிளாஸில் மிதந்த ஐஸைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இந்த ஐஸுக்காக வேல போயிடும்னு அன்னைக்கு மனுசன் சோறு தின்னாம கெடந்தாரு பாய். என்னான்னு கேட்டா தாகமா இருக்குன்னு மட்டும் சொன்னாரு, விஷயம் எனக்கு அப்புறந்தான் தெரிஞ்சுது," என்றார். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. அழுகையும் கூடவே வந்தது. கிளாஸை ஒரே மூச்சில் குடித்து முடித்துவிட்டு, பாயிடம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."